எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு எட்டு நாள் போதாது

போக வேண்டிய இடங்களின் கனவுப் பட்டியலைத் தந்த ஒரு பயணக் கட்டுரை, எவரெஸ்ட் அடிவார முகாமையும் அதில் சேர்த்தது நல்லது. ஆனால் நடைப்பயணம் தொடங்கும் நேபாள ஊரான லுக்லாவிலிருந்து ஏறி இறங்க எட்டு நாள் போதும் என்று அந்தக் கட்டுரை சொல்வது ஆபத்து. லுக்லா 2,860 மீட்டர், முகாம் 5,364. உடல் உயரத்துக்குப் பழக வேண்டும் என்பதால், மூவாயிரம் மீட்டரைத் தாண்டியபின் இரவு தங்கும் உயரம் நாளுக்குச் சுமார் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. வழியிலுள்ள ஊர்களான நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் கூடுதலாக ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். பகலில் மேலே ஏறிவிட்டுக் கீழே வந்து தூங்குங்கள். தலைவலியோடு வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறாதீர்கள், உடனே இறங்குங்கள். லுக்லா விமானம் மேகமூட்டத்தால் அடிக்கடி ரத்தாகும். ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கு முன் இரண்டு நாளாவது காலியாக விடுங்கள். இன்னொன்று, முகாமில் நின்றால் சிகரம் தெரியாது. அதற்கு அருகிலுள்ள காலா பத்தர் என்ற மேட்டில் ஏற வேண்டும்.