நெடுவில் ஒட்டுமரம் அன்று
ஆங்கிலேயரின் நெடுவில் இரு மரங்களை ஒட்டிச் செய்யப்பட்டது என்றும், அதனால் அதை எந்நேரமும் நாணேற்றியே வைத்திருக்கலாம் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார், இரண்டுமே சரியல்ல. 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் போர்க்கப்பலின் சிதைவிலிருந்து மீட்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட விற்கள், யூ (yew) என்னும் ஊசியிலை மரத்தின் ஒற்றைத் துண்டிலிருந்து செதுக்கப்பட்டவை. ஒட்டியதுபோல் தெரியும் அந்த இரு நிறங்கள் மரத்தின் இயல்பே: வளைக்கும்போது இழுவிசையைத் தாங்கும் வெளிறிய சாற்றுக்கட்டை (பட்டையை அடுத்த வெளிப்பகுதி மரம்) இலக்கை நோக்கிய வெளிப்புறத்திலும், அமுக்கத்தைத் தாங்கும் செந்நிற வைரக்கட்டை (தண்டின் நடுப்பகுதி மரம்) வில்லாளியை நோக்கிய உட்புறத்திலும் அமைகின்றன. மரத்திலேயே இப்படியொரு கூட்டமைப்பு இருப்பதுதான், என்னைக் கேட்டால், இவ்வில்லின் தனியழகு. ஆனால் நாணைக் கழற்றாமல் விட்டால் மரம் நிரந்தரமாக வளைந்து வேகம் குறையும். அம்பு தொடுக்காமல் நாணை இழுத்துவிட்டால் வில் முறியவும் கூடும்.