எட்டு மாசமும் ஒரு ஞானஸ்நானப் பத்திரமும்

(யாழ்ப்பாணம். தைப்பொங்கலுக்கு முதல் கிழமை, ஒரு பின்னேரம். முற்றத்துக் கதிரையில மனுசன். மகளின்ர கலியாண விசயமாச் சுவாமியாரைப் பாத்திட்டு வந்த மனுசி இன்னும் செருப்புக் கழட்டேல்லை.)

மனுசன்: என்னப்பா, சுவாமியார் என்னவாம்?

மனுசி: பிள்ளையின்ர ஞானஸ்நானப் பத்திரம் சரிவராதாம்.

மனுசன்: எது? நான் லமினேற் பண்ணி வைச்சதோ? 1996இல இடம்பெயர்ந்து சாவகச்சேரியில இருக்கேக்க குடுத்த ஞானஸ்நானமப்பா அது. அண்டு தொட்டு காணி உறுதியோட ஒரே பையில வைச்சுக் காவித்திரிஞ்சனான்.

மனுசி: அது உங்கட கெட்டித்தனம். அவருக்கு 6 மாசத்துக்குள்ள எடுத்த பிரதி வேணுமாம்.

மனுசன்: ஞானஸ்நானம் என்ன பாணே, பழசாப் போக?

மனுசி: நானும் கேட்டனான். ஒராள் கலியாணம் கட்டினால் அந்த விபரத்தை ஞானஸ்நானம் எடுத்த கோயிலுக்கு அறிவிப்பினமாம். அங்க பழைய புத்தகத்தில பேருக்குப் பக்கத்தில அதை எழுதி வைப்பினமாம். அப்ப புதுப் பிரதியைப் பாத்தால்தானே அவள் முந்தி ஆரையும் கட்டினவளோ எண்டு தெரியும்?

மனுசன்: இவளோ? இவளை ஒருத்தனுக்கு ஓமெண்டு சொல்ல வைக்க எங்களுக்கு 6 வருசம் போச்சுது. அதையும் பக்கத்தில எழுதச் சொல்லும்.

மனுசி: விசர்க்கதை கதையாமல் நாளைக்குப் போய் எடுத்துக்கொண்டு வாங்கோ.

(அடுத்தநாள் மத்தியானம். மனுசன் பஸ்ஸால இறங்கி, வேர்த்து விறுவிறுத்து வாறார். கையில கடித உறை.)

மனுசன்: இந்தாரும். மை காயேல்லை, பாத்துப் பிடியும். இனி என்ன, மூண்டு ஞாயிறு கோயிலில கலியாண அறிவித்தல் ஓலை வாசிச்சால் பெப்ரவரியில கலியாணம்.

மனுசி: பெப்ரவரியில விபூதிப் புதன் வருது, அதோட தபசு தொடங்கியிடும். தபசு காலத்தில எங்கட ஆக்கள் கலியாணம் வைக்கிறதோ?

மனுசன்: அப்ப உயிர்த்த ஞாயிறு முடிஞ்ச கையோட வைப்பம்.

மனுசி: கனடாவில இருந்து தங்கச்சி வரவேண்டாமோ? அங்க பள்ளிக்கூடம் விடுறது ஜூன் கடைசியிலயாம்.

மனுசன்: சரி, யூலை.

மனுசி: மாப்பிள்ளை வீடு குருநகர் எண்டதை மறந்துபோனியளோ? யூலை 25 அங்கத்தை யாகப்பர் கோயில் திருவிழா. நவநாள் தொடங்கினால் அங்கத்தைச் சனம் அந்த வளவை விட்டு அசையாது. அதோட ஆடி மாசத்தில கலியாணமோ எண்டு உங்கட அக்கா ஒப்பாரி வைப்பா.

மனுசன்: அக்கா வேதக்காரியெல்லோ?

மனுசி: ஓம். வேதப் புத்தகத்துக்குக் கீழ பஞ்சாங்கம் வைச்சிருக்கிற வேதக்காரி.

(இதில சிரிக்கிற வாசகர் தங்கட வீட்டு அலுமாரியை ஒருக்காத் திறந்து பாத்திட்டுச் சிரிக்கலாம்.)

மனுசன்: ஓகஸ்ட்?

மனுசி: நல்லூர்க் கந்தசாமி கோயில் கொடி ஏறினால் திருவிழா 25 நாள். உங்கட கந்தோர்ச் சினேகிதர் முழுக்கச் சைவம். ஒருத்தரும் மச்சம் தொடமாட்டினம். நீங்கள் 400 பேருக்கு ஆட்டிறைச்சிப் புரியாணி போடுவியள், அவை கத்தரிக்காய்ப் பால்கறி எங்கயெண்டு எட்டிப் பாப்பினம். நடுவில 15ஆம் திகதி மடு ஆவணித் திருவிழா.

மனுசன்: மடு மாதாவிட்ட நானே நேந்து நடந்து போறனப்பா, தாயே ஒரு திகதி தா எண்டு.

மனுசி: செப்டெம்பரில, நல்லூர் முடிஞ்சு வாற சனிக்கிழமை இருக்கு. கோயிலில காலமை 9.30 மட்டும்தான் வெறுமையாம்.

மனுசன்: எடுங்கோ எண்டு சொல்லியிருக்கலாமே! தங்கச்சி?

மனுசி: அப்ப அங்க பள்ளிக்கூடம் தொடங்கியிடும். லைவில பாக்கட்டும்.

மனுசன்: எங்களுக்கு 9.30 எண்டால் ரொறன்ரோவில சாமம் 12.

மனுசி: நத்தார்ச் சாமப் பூசைக்கு முழிக்கிறவள்தானே. பிரச்சினை அவளில்லை, உங்கட அக்கா. சனிக்கிழமை ராகுகாலம் 9இல இருந்து 10.30.

(மனுசன் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருக்கிறார். செபம் சொல்லுறாரெண்டு மனுசி நினைக்கிறா. அவர் கணக்குப் பாக்கிறார்.)

மனுசன்: பொறும். பூசை தொடங்கின உடன தாலி கட்டுறேல்லையே? வாசகம், சுவிசேஷம், பிரசங்கம். அதெல்லாம் முடியத்தானே வாக்குறுதியும் மோதிரமும் தாலியும்?

மனுசி: ஓம்.

மனுசன்: சுவிசேஷம் முடிய 9.50. பிரசங்கத்தை ஒரு 40 நிமிசத்துக்கு இழுத்தாரெண்டால் ராகு எழும்பிப் போயிடுவார். சுவாமியாரிட்ட மெல்லமாக் கேட்டுப்பாரும்.

மனுசி: அவரிட்டக் கேக்கவே தேவையில்லை. கானாவூர்க் கலியாணத்தைத் தொட்டாரெண்டால் ஆறு கற்சாடியையும் ஒவ்வொண்டா நிரப்பித்தான் விடுவார்.

மனுசன்: பிறகென்ன! அக்காவுக்குச் சொல்லும், 10.31க்குத் தாலி எண்டு. சுவாமியாருக்கு ராகுவைப் பற்றி மூச்சு விடாதையும்.

மனுசி: செப்டெம்பர்... (விரல் மடக்கி எண்ணுறா. முகம் மாறுது.)

மனுசன்: இப்ப என்னத்தை எண்ணுறீர்?

மனுசி: இண்டையில இருந்து எட்டு மாசம்.

மனுசன்: எட்டெண்டால் என்ன?

மனுசி: நீங்கள் இண்டைக்கு எடுத்த பிரதி 6 மாசத்துக்குத்தானே.

(மனுசன் கடித உறையைப் பாக்கிறார். மனுசியைப் பாக்கிறார். திரும்ப உறையைப் பாக்கிறார்.)

மனுசன்: அந்தப் பழசையும் எடுத்துக்கொண்டு வாரும். ரெண்டையும் சேர்த்து லமினேற் பண்ணுவம்.