70 வந்துவிட்டது, அடி மட்டும் வரவில்லை

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டை ஆடும் தம்பி ஒருவன் நேற்று இரவு செய்தி அனுப்பினான். "அண்ணா, தாக்குதல் திறனில் 70ஆம் நிலையைத் தொட்டுவிட்டேன், அதற்குத்தான் கிடைக்கும் அபிசல் விப் என்ற சாட்டையும் வாங்கிவிட்டேன். ஆனால் அடி 12-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. ஏன்?" வலிமைத் திறன் எத்தனையாம் நிலை என்று கேட்டேன். 45 என்றான்.

என் பழைய காயத்தைக் கிளறிவிட்டான். அதே 70, அதே 45 நிலையில், தற்காப்பையும் 70-க்கு ஏற்றிக்கொண்டு, ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தாக்கக்கூடிய வில்டர்னஸ் பகுதியின் 12ஆம் நிலைக்குள் போனவன் நான். எல்லாப் போர்த்திறன்களையும் சேர்த்துக் கணக்கிடும் என் போர் லெவல் 76. எதிரே வந்தவனுக்கு 67. தற்காப்பு 1, தாக்குதல் 60, மீதி உழைப்பு முழுவதும் வலிமையில். கையில் டிராகன் டாகர் என்ற குத்துவாள். அதன் ஸ்பெஷல் தாக்குதல் ஒரே வீச்சில் இரண்டு குத்து. முதல் வீச்சில் 20, 17. அடுத்ததில் 0, 19. மூன்றாவதின் முதல் குத்திலேயே நான் விழுந்தேன். எல்லாம் ஐந்து விநாடிக்குள். என் விப் அவன் மேல் பட்டுக்கொண்டுதான் இருந்தது. 4, 9, 6 என்று.

தாக்குதல் நிலை இரண்டைத்தான் தீர்மானிக்கிறது: எந்த ஆயுதத்தை ஏந்தலாம், வீச்சு படுமா படாதா. பட்டால் எவ்வளவு என்பது உங்கள் வலிமையும் ஆயுதத்தின் வலிமை மதிப்பும் சேர்ந்து போடும் கணக்கு. நகை, மருந்து எதுவும் இல்லாமல் 45 வலிமையில் விப்பின் உச்ச அடி 12. இன்று என் வலிமை 89. அதே விப்பில் 22. தாக்குதல் 60 இருந்தாலே ஏந்தக்கூடிய டிராகன் சிமிட்டர் என்ற வளைந்த வாளை அந்த 45 வலிமைக்காரனிடம் கொடுத்தால் உச்ச அடி 11. ஒன்றுதான் குறைவு! விப் கூடுதல் துல்லியம் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் 60-இலிருந்து 70-க்குப் போக 4,63,885 அனுபவப் புள்ளிகள் வேண்டும். ஒரு புள்ளி சேதத்துக்கு நான்கு என்ற கணக்கில், ஏறத்தாழ 1,16,000 புள்ளி சேதம் அடித்துத் தீர்க்க வேண்டும். அந்த உழைப்பை வலிமையில் போட்டிருந்தால் நிலைமை எங்கேயோ போயிருக்கும்.

இதனால் ஆயுதங்களுக்குத் தகுதி நிலையே வேண்டாம், யாரும் எதையும் ஏந்தட்டும் என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. தாக்குதலில் பத்து நிலை ஏறினால் போர் லெவல் மூன்றுக்கு மேல் கூடும். வில்டர்னஸில் நீங்கள் யாரோடு மோத நேரும் என்பதே அதனால் மாறும். என்னை வீழ்த்தியவன் 60-இல் நின்றது சோம்பலால் அல்ல. டாகருக்கு அது போதும் என்று கணக்குப் போட்டு நின்றான். எல்லோர் கையிலும் விப் இருந்தால் அந்தக் கணக்குக்கு இடமேது? ஒரு பெயர்ப்பலகைபோல ஆயுதத்தின் மேல் நிற்கும் எண்ணை அதன் பலம் என்று படித்தது நம் தவறு. தடை வைத்தவர்கள் தவறல்ல.

தம்பிக்கு இன்னொன்றும் சொன்னேன். விப்பால் வலிமையை மட்டும் தனியே பயிற்ற முடியாது. அனுபவம் மூன்றாகப் பிரிந்துவிடும். விப்பை பேங்கில் வை, சிமிட்டரை ஏந்தத் தேவையான மங்கி மேட்னஸ் குவெஸ்ட்டை (விளையாட்டுக்குள் வரும் ஒரு பணி) முடி, வலிமையைத் தனியே பயிற்ற டிராகன் சிமிட்டரை எடு. "இவ்வளவு செலவழித்து வாங்கியதை உள்ளே வைப்பதா அண்ணா?" என்று வருத்தப்பட்டான். வைத்துவிட்டான். இன்று காலை அந்தக் குவெஸ்ட் நடக்கும் குரங்குத் தீவிலிருந்து படம் அனுப்பியிருக்கிறான்.