பூச்சு கவர் ஆகாது

"சீலிங்குக்கு 12 மிமீ பூச்சு வருது, அதுவே கம்பிக்குக் கவர். கம்பிக்கு அடியில ஜல்லி வச்சா போதும்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். தப்புங்க. கவர்ங்கிறது வெளிப்புறக் கம்பியில இருந்து, அதாவது பீம், பில்லர்னா கம்பிகளைச் சுத்திக் கட்டற ரிங்கோட வெளி விளிம்புல இருந்து, கான்கிரீட் முகம் வரைக்கும் உள்ள கனம். பூச்சு அதுல சேராது.

கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456:2000 படி பில்லருக்குக் குறைஞ்சது 40 மிமீ, ஃபூட்டிங்குக்கு (பில்லருக்கு அடியில வர்ற அஸ்திவாரம்) 50. ஸ்லாபுக்குப் பாதுகாப்பான சூழல்ல 20 போதும். ஆனா கடல்காத்து நேரா அடிக்கிற பெசன்ட் நகர், திருவான்மியூர் கரையோரம் வெளியே தெரியற பால்கனி ஸ்லாபுக்கு 45 வேணும். உப்பு உள்ளே இறங்கினா கம்பி துருப்பிடிச்சுப் பருக்கும், அந்தப் பருமனே கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். அடிப்பக்கம் பெயர்ந்து கம்பி பல்லிளிக்கிற பழைய பால்கனிகள்ல பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கு.

கான்கிரீட்டை இறுக்க வைப்ரேட்டர் போட்டதும், ஏன், ஆள் நடந்தாலே ஜல்லி உருண்டுடும். கம்பி போய் கான்கிரீட்டைத் தாங்கற சென்ட்ரிங் தகட்டுமேலேயே உட்கார்ந்துடும். மீட்டருக்கு ஒண்ணு வீதம் கவர் பிளாக் (கவர் கனத்துக்கே செஞ்ச சின்னக் கட்டை) வச்சு, கட்டுக்கம்பியால கட்டச் சொல்லுங்க. கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி டேப் வச்சு நீங்களே அளந்து பாத்துடுங்க.