ஃபிட்னஸ் சர்டிபிகேட்டும் தோப்புக்கரணமும்

சித்திரை பிறந்தால் ஊருக்கு ஊர் கோயில் கொடை, கொடைக்கொரு மின்னொளி கபடி. நுழைவுக் கட்டணம், சுழற்கோப்பை எல்லாம் நோட்டீஸில் இருக்கும். ஆடுகிறவன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் பட்டதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பள்ளிப் போட்டிகளில் கேட்பார்கள், ஆள் போகாமலே கையெழுத்தாகி வந்த சர்டிபிகேட்டை.

ஒழுங்கான பரிசோதனையில் பாதி கேள்விகள்தான். ஓடி முடித்து நின்றதும் தலை சுற்றினால் பெரும்பாலும் பயமில்லை. ஆட்டத்தின் நடுவே மயங்கினானா, நெஞ்சு அடைத்ததா? சின்ன வயதில் தொண்டைவலி வந்து, பிறகு மூட்டு மூட்டாக வீங்கியதா? அது வாதக் காய்ச்சல், இதய வால்வைக் கெடுக்கும். குடும்பத்தில் 50 வயதுக்குள் திடீரென்று போனவர்கள் உண்டா?

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பையன் "இல்ல சார்" என்பான். ஆச்சியிடம்தான் கேட்க வேண்டும். அதையும் 'ஹார்ட் அட்டாக்' என்று கேட்டால் பதில் வராது. "முனி அடிச்சிட்டு" என்ற சாவு, தாமிரபரணியில் நன்றாக நீந்தத் தெரிந்தும் மூழ்கிய சித்தப்பா, வலிப்பு மாத்திரை தின்றுவந்த அத்தை, இதெல்லாம் இதயத் துடிப்புக் கோளாறாக இருந்திருக்கலாம். அதில் ஒருவகை நீந்தும்போதுதான் தாக்கும். பிறவியிலேயே காது கேளாத பிள்ளை மயங்கி விழுந்தால் இசிஜி பார்க்காமல் களத்தில் இறக்கவே கூடாது. செவியும் துடிப்பும் சேர்ந்து கெடும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. சொந்தத்துக்குள் கட்டும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடுதல்.

அடுத்து நெஞ்சு. படுக்கவைத்து மட்டும் கேட்டால் போதாது. பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போடுவதுபோலக் குந்தி எழச் சொல்லிக் கேட்க வேண்டும். இதயத் தசை தடித்தவர்களுக்கு எழுந்தால் இரைச்சல் கூடும், குந்தினால் குறையும். மற்ற இரைச்சல்கள் பெரும்பாலும் நேர்மாறு. காசு செலவில்லாத சோதனை. ஆனால் இரைச்சலே இல்லாமலும் அந்த நோய் இருக்கும். அதனால்தான் இசிஜி வேண்டும் என்கிறேன்.

இத்தாலி 1982இல் வீரர்களுக்கு இசிஜியோடு கூடிய பரிசோதனையைச் சட்டமாக்கியது. அங்கே வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் இதயச் சாவு சுமார் 90 சதவீதம் குறைந்தது. வீண் பயம் கிளப்பும் என்று மறுப்பவர்களும் உண்டு. உண்மைதான், நன்றாகப் பயிற்சி எடுத்தவனுக்கு நாடி 50 இருப்பது சாதாரணம், அதைப் பார்த்து மிரளும் டாக்டர்களும் இருக்கிறார்கள். அதற்காக இசிஜியே வேண்டாமா? மைக் செட்டுக்குக் கொடுப்பதில் ஒரு துளியை இதற்கு ஒதுக்கலாம் கமிட்டிக்காரர்களே.

காய்ச்சலோடு ஆடவிடாதீர்கள். வைரஸ் இதயத் தசையைத் தொட்டிருந்தால் 3 முதல் 6 மாதம் ஓய்வு. எடை குறைக்கத் தண்ணீர் குடிக்காமல் கிடந்து மேட்சுக்கு வருகிறவனையும் திருப்பி அனுப்புங்கள்.

எல்லாம் பார்த்தும் ஒருவன் விழலாம். கைகால் வெட்டும், உடனே சாவிக்கொத்தைத் தேடி ஓடுவார்கள். இதயம் நின்றாலும் அப்படி வெட்டும். கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு சீராக இல்லை என்றால் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் நடு நெஞ்சில் 5 செ.மீ. இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஆம்புலன்ஸ் வரும்வரை அமுக்கட்டும். வாயில் சோடா ஊற்ற வேண்டாம்.