லூமை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்

பழைய மாயாஜால அட்வெஞ்சர் கேம்கள் எல்லாம் கண்டதையும் பொறுக்கிப் பையில் போட வைத்து, ஒரு தப்படி வைத்தால் சாகடித்துவிடும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். கிங்ஸ் குவெஸ்ட் வரிசைக்கு அது பொருந்தும், சரி. ஆனால் 1990இல் லூக்காஸ்ஃபிலிம் கேம்ஸ் வெளியிட்ட லூம்? பிரையன் மொரியார்ட்டி வடிவமைத்த அந்தக் கேமில் சாகவே முடியாது, பையும் கிடையாது. நெசவாளர் குலத்துப் பையன் பொபினின் கையில் ஒரு கோல், அவ்வளவுதான். அதில் நான்கு சுரங்களை வரிசையாக வாசித்தால் ஒரு மந்திரம், பின்னாலிருந்து வாசித்தால் அதற்கு எதிர்வேலை. வைக்கோலைப் பொன்னாக்கும் மந்திரத்தைத் திருப்பி வாசித்து, டிராகனின் பொற்குவியலை வைக்கோலாக்கும் இடம் ஒன்று வரும். யாரும் சொல்லித்தராமல் அது நமக்கே பிடிபடும்போது வருகிற சந்தோஷத்தை இன்றைய கேம்களில் நான் கண்டதில்லை.

சின்ன வயதில் ஒன்றுவிட்ட அண்ணாவின் கம்பியூட்டரில் பார்த்தது, இப்போது வெள்ளவத்தையில் மகளோடு, பழைய கேம்களை இன்றைய கம்பியூட்டரில் ஓடவைக்கும் ஸ்கம்விஎம் என்ற மென்பொருளில் திரும்ப விளையாடுகிறேன். புது ஆட்டம் தொடங்கினால் பல மந்திரங்களின் சுரங்கள் மாறிவிடும், அதனால் நான் கொப்பியில் குறித்துக்கொள்கிறேன். அவள் சங்கீத வகுப்புக்குப் போகிறவள், ஒருமுறை முணுமுணுத்தாலே போதும். பின்னணியில் சைக்கோவ்ஸ்கியின் சுவான் லேக் பாலே இசை வேறு! சீக்கிரம் முடிந்துவிடும் என்ற குறை நியாயம்தான். அப்புறம், இறுவட்டுப் பதிப்பில் உரையாடல்களைச் சுருக்கிவிட்டார்கள், விளையாடுகிறவர்கள் முதலில் வந்த ஃப்ளொப்பிப் பதிப்பையே தேடி எடுங்கள்.