பாயிண்டை விட்டுப் போனவள்

சனிக்கிழமை போட்ட கல்வெட்டுப் படத்தைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் போலீஸ் பயிற்சிப் பள்ளியில் பயிற்சி முடித்துப் போய், பணியில் உயிரிழந்தவர்களுக்கு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். கறுப்பு கிரானைட், மஞ்சள் எழுத்து, பதினோரு பெயர். வைத்ததில் எனக்கு மனப்பூர்வமான சந்தோஷம். என் பங்குக்கு ஐயாயிரம் கொடுத்தேன். ஆனால் என்னோடு பயிற்சி எடுத்து, பந்தோபஸ்து டியூட்டியில் செத்துப்போன 118-ன் பெயர் அதில் இல்லை. ஏன் இல்லை என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். எனக்கு ஜூனியர் ஒருவர் பதில் எழுதினார்.

“அவங்க பாயிண்ட்ல இல்லையே மேடம். விபத்து வேற, வீரமரணம் வேற.”

பாயிண்ட் என்றால் பந்தோபஸ்தில் ஒருவர் நிற்க வேண்டும் என்று ஒதுக்கிய இடம். நாலு நாளாக இந்த ஒரு வரிதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

118 என்பது அவள் மார்பு எண். நான் 119. 1997-ல் ஒரே ஸ்குவாடு, பக்கத்துப் பக்கத்துப் பாய். அவள் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று அவள் மகன் கேட்டுக்கொண்டான். “முதல்ல கல்லுல வரட்டும் பெரியம்மா. அப்புறம் ஃபேஸ்புக்ல எழுதிக்கலாம்” என்றான். அதனால் எண்ணோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பயிற்சியின் முதல் மாதம் பூட் கடித்து என் குதிகால் இரண்டும் புண்ணாகிவிட்டது. ஓடிவிடலாம் என்று பெட்டியைக்கூடக் கட்டிவிட்டேன். அவள்தான் ராத்திரி தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போட்டுவிட்டு, தன் பழைய சாக்ஸைக் கிழித்துச் சுற்றிவிட்டாள். காலை ஐந்து மணிக்கு எல்லோரும் வரிசையில் நிற்கும் ஃபால் இன்னில் எனக்கு முன்னால் நின்று, “என் முதுகை மட்டும் பாத்து ஓடு, வேற எங்கயும் பாக்காத” என்றாள். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நான் போட்ட காக்கி அந்த முதுகைப் பார்த்து ஓடியதால் வந்தது.

2009-ல் ஒரு விஐபி பந்தோபஸ்து. நெடுஞ்சாலையில் இருநூறு அடிக்கு ஒரு ஆள். அதிகாலை ஐந்து மணிக்கு இறக்கிவிட்டார்கள். கான்வாய் பத்து மணிக்கு என்றார்கள், பிறகு பதினொன்று என்றார்கள், பிறகு ‘வரும், நில்லுங்க’ என்றார்கள். நான் அவளுக்கு நாலு பாயிண்ட் தள்ளி நின்றேன். மர நிழல் கிடையாது, கடை கிடையாது. பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டோம். ஏன் என்று பெண் போலீஸ் யாரையாவது கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டரைக்கு அவள் பக்கத்து பாயிண்ட் கான்ஸ்டபிளிடம் “தம்பி, ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு, லத்தியை மைல் கல்லில் சாய்த்து வைத்துவிட்டு, எதிர்ப்பக்கம் இருந்த சீமைக் கருவேலப் புதரை நோக்கி ரோட்டைக் கடந்தாள். திரும்பி வரும்போது லாரி.

நான் ஓடிப்போய்ச் சேரும்போது ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. வழியிலேயே உயிர் போய்விட்டது. யாரோ வாக்கி டாக்கியில் “ரோட்டை க்ளியர் பண்ணுங்க” என்றார்கள். இரண்டு பேர் ஓரத்து மண்ணை அள்ளி அந்த இடத்தில் தூவினார்கள். ஒன்றேகாலுக்கு கான்வாய் அந்த மண்ணின் மேல்தான் போனது. நானும் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தேன். லத்தி மைல் கல்லில் சாய்ந்தபடியே இருந்தது.

ஸ்டேஷனை விட்டு டியூட்டிக்குப் போகும்போது ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். பாஸ்போர்ட் என்போம். யார், எந்த டியூட்டி, எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று அதில் இருக்கும். நாலாக மடித்த அந்தச் சீட்டு அவள் சட்டைப் பையில் இருந்தது. ஓரம் சிவந்திருந்தது. அது அரசாங்கம் எழுதிக் கொடுத்த சீட்டு. அவள் டியூட்டியில் இருந்தாள் என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

டியூட்டியில் செத்தவர் டியூட்டியில் செத்தவர்தான். இதில் என்ன பாகுபாடு?

‘வீரமரணம் வேற’ என்று எழுதியவருக்கு ஒரு தகவல். 2017-ல் மத்திய தகவல் ஆணையத்தில் இந்தக் கேள்வி வந்தபோது, ராணுவத்திலோ போலீஸிலோ ‘தியாகி’ என்று அதிகாரபூர்வமான ஒரு சொல்லே கிடையாது என்றுதான் பாதுகாப்பு அமைச்சகமும் உள்துறை அமைச்சகமும் பதில் சொன்னார்கள். டெல்லியே வரையறுக்காத ஒன்றை நன்கொடை வசூலித்த நாம் எப்படி வரையறுத்தோம்?

அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள் எங்கிருந்து வந்தது என்று பயிற்சியில் நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். 1959, லடாக், ஹாட் ஸ்பிரிங்ஸ். முந்தைய நாள் ரோந்து போன கூட்டாளிகள் திரும்பவில்லை. அவர்களைத் தேடிப் போனவர்கள் மீதுதான் சீனப் படை சுட்டது. பத்து பேர் செத்தார்கள். உடல்கள் கையில் கிடைக்கவே மூன்று வாரம் ஆனது. அவர்கள் போருக்குப் போகவில்லை. கூட வேலை பார்த்தவர்களைத் தேடிப் போனார்கள். அந்த நாளில் வருடா வருடம் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து, தலை குனிந்து, பியூகிள் ஊதும்வரை நின்றிருக்கிறேன். நான் நின்ற அணிவகுப்புகளில் பெயரை வாசித்தார்கள், பதவியை வாசித்தார்கள். எப்படிச் செத்தார், எந்த இடத்தில் நின்றார் என்று ஒருநாளும் வாசித்ததில்லை. 2018-ல் சாணக்கியபுரியில் தேசிய காவலர் நினைவிடம் திறந்தபோது சுவரில் 34,844 பெயர். இரண்டடிக்கு மூன்றடி கல்லில் நமக்கு மட்டும் ஏன் இத்தனை கணக்கு?

சிலர் சொல்வார்கள், எல்லோரையும் சேர்த்தால் வில்சனுக்கும் பூமிநாதனுக்கும் என்ன மதிப்பு என்று. 2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச் சாவடியில் சுடப்பட்ட சிறப்பு எஸ்.ஐ. வில்சனை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. 2021-ல் ஆடு திருடர்களை ராத்திரியில் துரத்திப் போய் வெட்டுப்பட்ட நவல்பட்டு பூமிநாதனுக்காக அன்று முழுக்கச் சாப்பிடாமல் இருந்தேன். அவர்கள் மரியாதையில் ஒரு குன்றிமணி குறையக்கூடாது. ஆனால் பக்கத்தில் இன்னொரு பெயர் வந்தால் அது எப்படிக் குறையும்? 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் எஸ்.பி. முகமது இக்பாலும் இன்ஸ்பெக்டர் ராஜகுருவும் காவலர்களும் செத்தது எந்தச் சண்டையில்? பந்தோபஸ்தில் நின்றார்கள், குண்டு வெடித்தது, செத்தார்கள். 2020 ஜூனில் மாம்பலம் இன்ஸ்பெக்டர் பாலமுரளி கொரோனாவில் போனாரே, அவருடைய எதிரி கண்ணுக்கே தெரியாத எதிரி. நின்றதுதான் இவர்கள் வேலை. நின்ற இடத்தில் செத்தார்கள். அவளும் நின்றாள், ஏழரை மணி நேரம்.

“வாரிசு வேலை, பணம் எல்லாம் கொடுத்தாச்சே” என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவள் புருஷனுக்கு இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. நான் பணம் கேட்டேனா?

இன்னொரு பக்கம் சாத்தான்குளத்தைச் சொல்லி, போலீஸுக்கு எதற்குக் கல் என்று கேட்டிருக்கிறார்கள். அந்த அப்பா, மகன் படத்தைப் பார்த்து நானும் வெட்கப்பட்டேன், அழுதேன். அதைச் செய்தவர்களுக்குத் தண்டனை வேண்டும் என்று இதே பக்கத்தில் எழுதினேன், திட்டும் வாங்கினேன். அதற்கும் ரோட்டோரம் சிறுநீரை அடக்கிக்கொண்டு நின்ற ஒரு பெண்ணுக்கும் என்ன சம்பந்தம்? இதற்கு மேல் அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

என்னைக் குடைவது வேறு. ‘பாயிண்ட்ல இல்லை’ என்று எழுதியவருக்கும் அம்மா இருக்கிறார், மனைவி இருக்கிறார். ஆண் கான்ஸ்டபிள் பாயிண்டிலேயே திரும்பி நின்றுகொள்வார், அவர் பாயிண்டில் இருந்ததாகத்தான் கணக்கு. பெண் புதர் தேடிப் போனால் பாயிண்டை விட்டுப் போனவள். 1973-ல் ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு, இருபது காவலர் என்று தமிழ்நாட்டில் பெண் போலீஸ் தொடங்கியது. சாலையோர விஐபி பந்தோபஸ்தில் பெண்களை நிறுத்தாதீர்கள் என்று உத்தரவு வந்தது 2021 ஜூனில். நாற்பத்தெட்டு வருடம்! உத்தரவு வந்த அன்று எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தோம், இனிப்பு கொடுத்தோம். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பன்னிரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் அந்தப் பையன் அம்மாவோடு வளர்ந்திருப்பான். அந்த உத்தரவு யார் உயிரைக் கொடுத்து வந்தது? அவளைப்போல நின்றவர்கள் எல்லோரும் பட்டுப் பட்டு வந்தது. அப்புறமும் அவள் டியூட்டியில் இல்லை என்கிறீர்கள்.

ஆமாம், கோபத்தில்தான் எழுதுகிறேன். “மேடம் எமோஷனலா பேசறாங்க” என்று குழுவில் சொன்னார்கள். சொல்லட்டும். கல்லை வைத்ததே எமோஷனால்தான்.

அந்தக் கல் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அது டெல்லியில் இல்லை. பயிற்சிக்கு வரும் பெண்கள் தினமும் காலையில் கிரவுண்டுக்குப் போகும் வழியில் இருக்கிறது. பூட் கடித்து, பெட்டி கட்டலாமா என்று யோசித்துக்கொண்டு நடக்கும் ஒருத்தி அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த வழியில்தான் அவள் எனக்கு முன்னால் ஓடினாள்.

நேற்று அவள் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். இருபத்திரண்டு வயது. வாசலில் இருந்த பாரா பெண் எங்களை உள்ளே விட்டாள், எதுவும் கேட்கவில்லை. அவன் பதினோரு பெயரையும் விரலால் தொட்டுத் தொட்டு, சத்தமில்லாமல் வாசித்தான். அம்மா பெயர் வராது என்று தெரிந்தும் கடைசிவரை வாசித்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் கையை விரித்து வைத்து அளந்தேன்.

பதினோராவது பெயருக்குக் கீழே ஒரு சாண் இடம் இருக்கிறது.